பெட்டிக்கரின் வில்லன்கள்

கௌபாய் படங்களின் பெருமையை ஜான் ஃபோர்டில் தொடங்கி செர்ஜியோ லியோனியில் முடித்துவிடுகிறோம். இடையில் வந்த பட் பெட்டிக்கர் விடுபட்டுப் போகிறார். 1956 முதல் 1960 வரை ராண்டால்ஃப் ஸ்காட்டை நாயகனாக வைத்து அவர் எடுத்த ஏழு படங்களும் சிக்கனத்தில் பிறந்தவை. படப்பிடிப்பு பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். படம் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி ஓடும். கலிஃபோர்னியாவின் லோன் பைன் ஊருக்கு அருகிலுள்ள பாறைகளே திரும்பத் திரும்ப வரும். காசில்லாமலே இவ்வளவு செய்தாரே என்று மெச்சுவார்கள். அந்தப் பாராட்டு போதாது. அந்தக் குறையிலிருந்துதான் அவர் தன் படங்களின் இலக்கணத்தையே வகுத்துக்கொண்டார்.

'செவன் மென் ஃப்ரம் நௌ' (1956) படத்தில் ஒரு மழை இரவு. கூண்டு வண்டிக்குள் நான்கு பேர். காபி குடித்தபடி லீ மார்வின் ஒரு கதை சொல்கிறார்: ஒரு கணவன், அவன் மனைவி, குறுக்கே வந்த நெடிய மனிதன். கதை யாரைப் பற்றியது என்று கேட்கிற மூவருக்கும் புரிகிறது. துப்பாக்கி வெடிக்கவில்லை, குதிரை ஓடவில்லை. இருந்தும் படத்தின் மிகக் கொடூரமான தாக்குதல் அதுதான். கடைசிச் சண்டையில் ஸ்காட் துப்பாக்கியை உருவுவதைக்கூட பெட்டிக்கர் காட்டுவதில்லை. குண்டு பட்ட மார்வினின் வியப்பைத்தான் காட்டுகிறார். கூட்டத்தைக் காட்டப் பணமில்லாதபோது நான்கைந்து பேரின் மனதுக்குள்தான் போயாக வேண்டும். அதனால் இவருடைய வில்லன்களுக்கு ஆசையும் தனிமையும் வாய்க்கின்றன. 'தி டால் டி' (1957) படத்தில் ரிச்சர்ட் பூன் ஒரு கொள்ளைக்காரன். பிடித்துவைத்திருக்கும் ஸ்காட்டிடம், தனக்கும் சொந்தமாக ஒரு பண்ணை வேண்டும் என்று மனம் விட்டுப் பேசுகிறான். முதுகில் சுடமாட்டார் என்ற நம்பிக்கையில் தப்பிப் போனவன், மானம் பொறுக்காமல் திரும்பி வந்து சாகிறான்.

எல்லாம் ஒரே கதைதானே என்பார்கள். மனைவியை இழந்த மனிதன், வன்மம், பயணம், உண்மைதான். ஆனால் 'ரைடு லோன்சம்' (1959) நாயகன் தன் மனைவி தூக்கிலிடப்பட்ட மரத்தைக் கொளுத்துகிறான்; 'டிசிஷன் அட் சன்டௌன்' (1957) நாயகனோ, தான் நினைத்ததுபோல் மனைவி இருந்ததில்லை என்று அறிந்து கசந்துபோய் ஊரை விட்டுப் போகிறான். பழியின் பொருளே தலைகீழாகிவிடுகிறது. புகழெல்லாம் கதாசிரியர் பர்ட் கென்னடிக்கே சேரும் என்பது இன்னும் வலுவான வாதம். ஏழில் மிகச் சிறந்த நான்கும் அவர் எழுதியவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் பின்னாளில் கென்னடி தாமே இயக்கிய கௌபாய் படங்கள் எதிலும் இந்த இறுக்கம் இல்லை. 'கமான்சி ஸ்டேஷன்' (1960) படத்தில் செவ்விந்தியர்கள் முகமற்ற ஆபத்தாக மட்டுமே வருவது குறைதான். அதற்குச் சமாதானம் சொல்லத் தேவையில்லை.

இளமையில் மெக்சிகோவில் காளைச் சண்டை பழகியவர் பெட்டிக்கர். குறுகிய களத்தில் இருவர் ஒருவரையொருவர் அளந்துபார்ப்பதை அவர் அங்கே கற்றிருக்க வேண்டும். 1960இல் ஹாலிவுட்டை விட்டு, காளைச் சண்டை வீரர் கார்லோஸ் அருசாவைப் படமெடுக்கப் போனார். 1966இல் அருசா சாலை விபத்தில் இறந்தார். படம் 1972இல்தான் வெளிவந்தது. பெட்டிக்கரின் சிறந்த ஆண்டுகள் அதிலேயே கரைந்தன. பெட்டிக்கரைப் பார்க்க விரும்புகிறவர்கள் 'ரைடு லோன்சம்' படத்திலிருந்து தொடங்கலாம். 73 நிமிடம்தான்; அதில் வீணான காட்சி ஒன்றுகூட இல்லை.