கப்பலில் கச்சேரி: காதுக்கு எவ்வளவு, கரைக்கு எவ்வளவு

2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த 'எம்பிரஸ்' என்ற கோர்டேலியா நிறுவனத்தின் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டையையும் திருகோணமலையையும் தொட்டுச் சென்றது. அதே மாதம் காங்கேசன்துறைக்கும் போனது. திருகோணமலை அன்புவழிபுரத்துக்காரருக்குத் துறைமுகம் பக்கத்தில்தான். ஆனாலும் உள்ளே பாட்டும் ஆட்டமும் இருக்கிறதென்று கேள்விப்பட்டதோடு சரி. இசைக் கப்பல் பயணம் என்பது உலகத்தில் பெரிய வியாபாரமாகிவிட்ட நிலையில், அது எங்கள் கடலுக்கு வந்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பாட்டு உள்ள கப்பல் வேறு, பாட்டுக்காகவே ஓடும் கப்பல் வேறு. 'எம்பிரஸ்' முதல் வகை. 1990 இல் பிரான்சில் கட்டப்பட்டு, அமெரிக்க நிறுவனமொன்றிடம் ஓடி, பெயர் பல மாறி, இந்தியக் கைக்கு வந்த 48,000 தொன் கப்பல் அது. இந்தித் திரைப்பாடல்களை வைத்து மேடை ஆட்டம் நடக்கும். கூடவே சாப்பாடு, நீச்சல் தடாகம், கசினோ. 2022 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து அனுப்பிவைத்த இந்தக் கப்பலைச் சூதாட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பால் புதுச்சேரி கரைசேர விடவில்லை. இப்படியான கப்பலில் பாட்டுக்கு உள்ள இடம் கலியாண வீட்டு சவுண்ட் செட்டுக்கு உள்ள இடம்தான். இல்லாவிட்டால் குறையாகத் தெரியும். இருந்தால் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை.

இரண்டாம் வகைக்கு நல்ல உதாரணம், 2011 முதல் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து புறப்படும் '70000 ரன்ஸ் ஒவ் மெற்றல்'. ஒரு முழுக் கப்பலையே வாடகைக்கு எடுத்து, ஏறத்தாழ அறுபது மெற்றல் இசைக்குழுக்களையும் மூவாயிரம் ரசிகர்களையும் நான்கு நாள் கடலில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் இரண்டு தடவை வாசிக்கும். முதல் தடவை தவறவிட்டவர் இரண்டாம் தடவை பிடிக்கலாம். இரண்டையும் கேட்பவருக்கு அதே குழு வேறு பாட்டுகளோடு வேறு முகம் காட்டும். இதைவிடப் பெரிய கவர்ச்சி, பாடியவர் தப்பி ஓட இடமில்லாததுதான். இரவு மேடையில் உறுமியவர் காலையில் முட்டைப்பொரியலுக்கு உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பார். சென்னை மார்கழிக் கச்சேரியில் மங்களம் முடிந்ததும் வித்துவான் காரில் ஏறிவிடுவார். அவரிடம் ஒரு சந்தேகம் கேட்க ஒரு ரசிகர் ஆயுள் முழுக்கக் காத்திருக்கலாம். இந்த நெருக்கம் ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம் என்றுதான் எனக்கும் படுகிறது.

ஆனால் அந்தக் காசு ரிக்கற்றோடு நிற்பதில்லை. குடிவகை, இணைய இணைப்பு, பணியாளர் அன்பளிப்பு, துறைமுக வரி என்று பில் வளர்ந்துகொண்டே போகும். மலிவான அறைக்கு ஜன்னல் இருக்காது. அது மேடைக்குக் கீழே அமைந்தால் நித்திரையும் இருக்காது. நீச்சல் தடாகத்தின் மேல் மேடையைக் கட்டுவதே ஒரு பெரிய வேலை. காற்றெழுந்தால் நிகழ்ச்சி பிந்தும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு மேடைகள் நடக்கும், விடியும்வரை ஓடும். மூன்றாம் நாள் காது மரத்துப்போகும். கேட்பதற்கும் ஓர் அளவு உண்டென்பதை மார்கழியில் ஒரே நாளில் நான்கு சபாவுக்கு அலைந்தவர்கள் அறிவார்கள்.

இதே அச்சில் எங்கள் சங்கீதத்தை வார்க்க முடியுமா? கப்பலின் இயந்திரம் இடைவிடாமல் ஒரு சுருதியில் உறுமும். தம்பூராவை மீட்டி உட்கார்ந்தவருக்கு அந்த இரண்டாவது ஆதாரசுருதி எவ்வளவு தொல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடற்காற்றின் ஈரத்தில் மிருதங்கத் தோல் தளரும். குளிரூட்டிய மண்டபத்துக்குள் கொண்டுபோனதும் இறுகும். தொப்பியில் ரவை அப்பிச் சுருதி சேர்த்த கையோடு மறுபடியும் சேர்க்க வேண்டிவரும். வீணையைத் திறந்த தளத்துக்குக் கொண்டுபோவது வீண்வேலை. அங்கே எடுபடக்கூடியது நாதஸ்வரமும் தவிலும்தான். வீதியிலும் தேர்முட்டியிலும் காற்றோடு மல்லுக்கட்டிப் பழகிய வாத்தியங்கள் அவை. சீவாளியை ஈரம் கெடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். யாழ்ப்பாணத்துத் தட்சணாமூர்த்தியைத் தவிலுக்குத் தந்த நாட்டில், கப்பல் மேடைக்கு வாத்தியம் தேடி அலையத் தேவையில்லை.

காலமும் ஒத்துவர வேண்டும். சங்கீத சீசன் மார்கழி. திருகோணமலைக்கு அதே மாதம் வாடைக்காற்றும் மழையும்; மீனவர்களே கடலுக்குப் போக யோசிக்கும் நாட்கள். பங்குனி, சித்திரையில்தான் இந்தக் கடல் குளம்போலக் கிடக்கும். கோணேசர் கோயில் கொடியேறுவதும் பங்குனியில். மார்கழி ரசிகரை மார்கழியிலேயே ஏற்றிவரலாம் என்று கணக்குப் போடுகிறவர் பயணிகளுக்கு வாந்திப் பையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எனக்கு உள்ள பெரிய முறைப்பாடு கரை பற்றியது. உல்லாசக் கப்பல் காலையில் வந்து மாலையில் போகிறது. கப்பல் துறையில் நிற்கும்போது கசினோ மூடிக் கிடப்பதுதான் வழக்கம். பயணி கரையில் செலவழிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கப்பலுக்கு வருமானம் இல்லாத மணித்தியாலம். அதனால் தரிப்பைச் சுருக்குவதில் அவர்களுக்கு இலாபம் உண்டு. ஏற்பாடு செய்த பஸ்ஸில் கோணேசர் கோயிலுக்குப் போய்வந்தால் பயணம் முடிந்தது. ஓட்டோக்காரருக்கும் வாடகை இல்லை. இறங்குதுறையில் வரவேற்பு நடனம் ஒன்றைப் பார்த்தால் உள்ளூர்க் கலையும் முடிந்தது.

ஆனால் இந்த ஊரிடம் பாட்டு இல்லாமலா போயிற்று? ஈழத்து மெல்லிசையிலும் பொப் இசையிலும் பேர் பெற்ற பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் திருகோணமலைக்காரர்கள். கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு கிழக்குக் கரையின் சொத்து. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதே தாளத்தில் கயிற்றை இழுக்கும் பாட்டு அது. கப்பலுக்குள் கடலைப் பற்றி எத்தனை பாட்டுப் போட்டாலும், கடலில் வேலை செய்கிறவனின் பாட்டு அந்தப் பட்டியலில் வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. 2006 ஓகஸ்டில் போரால் ஏ9 தரைப்பாதை மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்துச் சனம் பெயர்ப் பதிவுக்கும் அனுமதிக்கும் காத்திருந்து கப்பலேறி வந்திறங்கிய துறைமுகம் திருகோணமலை. 2009 இல் செஞ்சிலுவைச் சங்கம் 'கிறீன் ஓசன்' கப்பலில் போர் நடந்த புதுமாத்தளனிலிருந்து காயக்காரரை ஏற்றிவந்ததும் இங்கேதான். அதற்காக இங்கே பாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரை வெறும் பின்னணிப் படமாக வைத்துக்கொண்டு பாடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆகவே இசைக் கப்பல் விடுகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். பங்குனி, சித்திரையில் வாருங்கள். ஓர் இரவு துறைமுகத்தில் தங்குங்கள். அந்த இரவுக் கச்சேரியைக் கப்பலுக்குள் பூட்டி வைக்காமல் கரையில் வையுங்கள். மேடையில் பாதி நேரத்தை உள்ளூர்க் கலைஞருக்குக் கொடுங்கள், கூலியோடு. பயணிகளிடம் கேட்பது: ரிக்கற் எடுக்கமுன் யார் பாடுகிறார்கள், எத்தனை தடவை, எந்த மேடையில், கப்பல் ஊரில் எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்று கேளுங்கள். சாப்பாட்டுப் பட்டியலை மட்டும் அனுப்பினால், அது இசைக் கப்பல் இல்லை.