வில்லியம் மோரிஸும் அர்தபீல் கம்பளமும்

கலைஞனுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவிற்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. அது அருளாக இறங்குவது என்பார் ஒரு சாரார். முன்னோரின் அரும்படைப்புகளைக் கண்டு கண்டு பெறுவது என்பார் மறு சாரார். இவ்விரண்டில் எதனையும் அப்படியே ஏற்கவிடாமல் நம்மைத் தடுப்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் மோரிஸின் (1834–1896) வாழ்வு. கவிஞர், அச்சுக்கலை வல்லுநர், சமதர்மவாதி எனப் பல முகங்கள் அவருக்குண்டு. நாம் இங்கே எடுத்துக்கொள்வது நெசவாளரான மோரிஸை. அதிலும் குறிப்பாக, இஸ்லாமிய உலகின் கம்பளங்களோடு அவருக்கிருந்த உறவை.

அவ்வுறவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1893ஆம் ஆண்டில் தொடங்குவர். புகழ்பெற்ற அர்தபீல் கம்பளத்தை லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் வாங்குமாறு மோரிஸ் பரிந்துரைத்த ஆண்டு அது. அக்கண்ணுக்கு அத்தகுதி எவ்வாறு வாய்த்தது என்பதை அறிய வேண்டுமாயின் 14 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1879ஆம் ஆண்டு. தேம்ஸ் நதிக்கரையில் ஹாமர்ஸ்மித் பகுதியிலிருந்த தம் இல்லத்தின் படுக்கையறையில் மோரிஸ் ஒரு தறியை நிறுவினார். சித்திரத் திரை நெய்யும் கலை அன்றைய இங்கிலாந்தில் ஏறத்தாழ வழக்கொழிந்திருந்தது. கற்றுத்தர ஆசான் இல்லை. பழைய பிரெஞ்சுக் கைநூல் ஒன்றைத் துணைகொண்டு தாமே பயின்றார். அதிகாலையில் எழுந்து தறிமுன் அமர்வார். பகலில் நிறுவன அலுவல்களுக்குச் செல்வார். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் நெய்தார் என்பதைக் குறித்தும் வைத்தார். அவர் முதன்முதலாக நெய்து முடித்த திரை மே 10 முதல் செப்டம்பர் 17 வரை 516 மணி நேரத்தை எடுத்துக்கொண்டதென அக்குறிப்பு சொல்கிறது. சராசரியாக நாளொன்றுக்கு நான்கு மணி நேரம்! அப்போது அவருக்கு வயது 45. உள்அலங்கார வடிவமைப்பில் நாடறிந்த பெயர். அந்நிலையிலும் தொடக்கநிலை மாணாக்கனைப்போல் அவர் ஊடையைக் கோத்துக்கொண்டிருந்தார். திரையில் படர்ந்த அகந்தஸ் இலைகள் முட்டைக்கோஸைப் போலத் தோன்றியமையால், அதனை 'முட்டைக்கோஸும் திராட்சைக்கொடியும்' என்று அவரே கேலியாகப் பெயரிட்டழைத்தார். முதல் முயற்சி அப்படித்தான் இருந்தது. எனினும் கண்ணைப் பழக்கியது அம்முயற்சியே.

சாயத் தொழிலிலும் இதுவே அவர் வழி. 1875 முதல் லீக் என்னும் ஊரில் தாமஸ் வார்டில் என்பாரின் சாயப்பட்டறையில் அவுரித் தொட்டிக்குள் கைவிட்டு நின்றார். கைகளில் நீலம் ஏறிக் கிடந்தது. அன்று சந்தையை நிறைத்திருந்த இரசாயனச் சாயங்களை வெறுத்து அவுரியையும் மஞ்சிட்டியையும் மீட்டெடுத்தார். துணி முழுவதையும் அவுரியில் தோய்த்தெடுத்து, வேண்டிய இடங்களில் மட்டும் நீலத்தை வெளுக்கச் செய்து, அவ்விடங்களில் பிற நிறங்களை ஏற்றும் கடினமான முறையைக் கைவரப்பெற அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. 1883இல் வெளிவந்த 'ஸ்ட்ராபெர்ரித் திருடன்' என்னும் அச்சுத்துணி அவ்வுழைப்பின் கனி. அவுரியின் நாடாகிய இந்தியாவின் பருத்தி அச்சுக்கலை பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்ததையே அவர் அங்கே தட்டுத்தடுமாறிக் கற்றார் என்று நாம் சொன்னால், அது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது.

இத்தகைய கைகளோடுதான் அவர் அருங்காட்சியகத்திற்குச் சென்றார். அடிக்கடி சென்றார். தம்மளவிற்கு அவ்விடத்தைப் பயன்படுத்தியோர் அரியர் என்னும் பொருளில் 1882இல் தொழிற்கல்வி குறித்த அரச ஆணையத்தின் முன் அவரே சான்றளித்திருக்கிறார். 1883இல் அருங்காட்சியகம் வாங்கிய பழைய இத்தாலிய வெல்வெட் ஒன்றில் கொடியின் தண்டு மூலைவாட்டாகச் சாய்ந்தோடுகிறது. அக்காலம் முதல் மோரிஸின் அச்சுத்துணிகளிலும் தண்டுகள் சாய்ந்தோடத் தொடங்குவதை ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். பூவையும் இலையையும் அவர் அங்கிருந்து எடுத்துவரவில்லை. ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் தொடங்குமிடம் கண்ணுக்குத் தட்டாதவாறு மறைக்கும் உத்தியை எடுத்துவந்தார். வடிவமைப்பாளனை வாட்டும் சிக்கல் அது. அன்றாடம் அதனோடு மல்லுக்கட்டியவனுக்கே அந்த வெல்வெட் விடையாகத் தோன்றும். ஏனையோருக்கு அது பழந்துணி.

பாரசீகத்தின்பால் அவர் கொண்டிருந்த மதிப்பு அளவிறந்தது. கோலவடிவக் கலையின் வரலாறு குறித்த தம் சொற்பொழிவில், வடிவமைப்பாளர்களுக்குப் பாரசீகம் புனித பூமியாகிவிட்டது என்ற அளவிற்குப் பேசினார். அவர் இல்லத்தின் உணவறையில் பாரசீகக் கம்பளம் ஒன்று தரையில் விரிக்கப்படாமல் சுவரில் தொங்கிக் கூரைவரை எழுந்து நின்றது. ஆயினும் அவர் பாரசீகத்தைக் கண்டவரல்லர். முஸ்லிம் நாடு எதற்கும் சென்றதில்லை. நெடும்பயணம் போனதெல்லாம் ஐஸ்லாந்திற்குத்தான். அவர் அறிந்த பாரசீகம் கண்ணாடிப் பேழைக்குள்ளும் வணிகரின் கிட்டங்கியிலும் கிடந்த பாரசீகம்.

ஆனால் அவர் அதனைப் படியெடுக்கவில்லை. ஹாமர்ஸ்மித் வீட்டின் வண்டிக்கொட்டகையில் கையால் முடிச்சிடும் கம்பளத் தறிகளை நிறுவி, 1880இல் அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது, தொழில்முறை கீழையுலகினுடையதாயினும் வடிவம் மேற்கினுடையதாகவே இருக்க வேண்டும் என்று அறிவித்தார். 1889இல் நெய்யப்பட்ட 'புல்லர்ஸ்வுட்' கம்பளத்தைப் பாருங்கள். பாரசீகத் தோட்டத்தின் இலக்கணம் அதில் உண்டு. வளர்ந்திருப்பவை ஆங்கிலேயத் தோட்டத்தின் செடிகள். இன்று இஸ்லாமியக் கலை என்ற பெயரில் எட்டுமுனை விண்மீனைக் கணினியில் அடுக்கி அழைப்பிதழ்களிலும் பள்ளிவாசல் முகப்புகளிலும் ஒட்டிவிடும் நம்மவர்கள், இந்த அந்நியரிடம் கற்க வேண்டிய நாணயம் இதில் உண்டு.

இனி 1893க்கு வருவோம். ஸஃபவி அரசமரபின் முன்னோரான ஷைகு ஸஃபியுத்தீன் அர்தபீலியின் (மறைவு 1334) தர்காவுக்கெனச் செய்யப்பட்டதாகக் கருதப்படும் இக்கம்பளம், ஷா தஹ்மாஸ்பின் ஆட்சியில், ஹிஜ்ரி 946இல், அதாவது 1539–40இல் முற்றுப்பெற்றது. நீளம் சுமார் பத்தரை மீட்டர். அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். பட்டுப் பாவின்மீது கம்பளி முடிச்சுகள், ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம். லண்டன் வணிகர் கையில் அது இருந்தபோது அருங்காட்சியகத்தின் சார்பில் பார்வையிட்ட மோரிஸ், தாம் கண்ட கீழைக் கம்பளங்களில் இதுவே தலையாயது என்றும், இதன் வடிவமைப்பில் மன்னிப்புக் கேட்கவேண்டிய இடம் ஒன்றுமில்லை என்றும் எழுதினார். விலை 2,000 பவுண்டு. அருங்காட்சியகத்தால் கொடுக்க முடியாத பகுதியை ஆர்வலர் சிலர் திரட்டித் தந்தனர். மோரிஸும் அவர்களுள் ஒருவர்.

அவர் பாராட்டியது எதனை? அளவையியலைப் போல் ஒன்றிலிருந்து ஒன்றாக முறைப்படி விரியும் ஒழுங்கினை. நடுவே பதக்கம், அதனைச் சுற்றிப் பதினாறு சிறு பதக்கங்கள், மூலை நான்கிலும் அப்பதக்கத்தின் கால்பங்கு. பதக்கத்தின் இருபுறமும் இரண்டு தொங்கு விளக்குகள். இவ்விளக்குகள் சம அளவினவல்ல. பூரணம் அல்லாஹ்வுக்கே உரியது என்பதால் வேண்டுமென்றே குறை வைத்தனர் என்று நம் மேடைகளில் சொல்வதுண்டு. கேட்க இனிமையான விளக்கம், சான்று இல்லை. சிறிய விளக்கின் அருகமர்ந்து நோக்கினால் இரண்டும் ஒத்துத் தோன்றும் என்ற விளக்கமும் அத்தகையதே. பணிவைக் காட்ட விளக்கின் அளவைக் குறைக்க வேண்டிய தேவை அக்கைவினைஞர்களுக்கு இல்லை. தம் பெயரைப் பொறித்த பலகத்திலேயே காஷானைச் சேர்ந்த மக்ஸூத் தம்மை அவ்வாயிலின் ஊழியனாகச் சொல்லிக்கொள்கிறார்.

இவ்விடத்தில்தான் மோரிஸிடம் நமக்கொரு வழக்கு உண்டு. வடிவத்தை இவ்வளவு நுட்பமாக வாசித்த அக்கண், தர்காவை வாசிக்கவில்லை. விளக்குகள் எரியும் கூடத்தில், தொங்கும் விளக்கைத் தரையிலும் மலரச் செய்த கம்பளம் அது. அதன்மீது மக்கள் காலணி நீக்கி நடந்திருப்பர், அமர்ந்திருப்பர், ஓதியிருப்பர். மோரிஸின் பரிந்துரையோ, ஆங்கிலேய மாணாக்கருக்கு வடிவமைப்பின் முன்மாதிரியாக அதனை முன்னிறுத்துகிறது. அருங்காட்சியகம் என்னும் எண்ணமே அர்தபீலுக்குப் புதிதன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1611இல் ஷா அப்பாஸ் ஆயிரத்திற்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களை அத்தர்காவுக்கு வக்ஃபு செய்தார். அவற்றைக் காட்சிப்படுத்த, கலங்களின் வடிவிலேயே மாடங்கள் குடையப்பட்ட மண்டபம் ஒன்று அங்கு அமைந்தது. அங்கே அரும்பொருளுக்கும் வழிபாட்டிற்கும் இடையே சுவர் இல்லை. லண்டனில் எழுந்த சுவரை மோரிஸ் இயல்பானதென்றே கொண்டார்.

கம்பளம் கிடைத்த விதமும் உறுத்துவது. அது இணைக் கம்பளங்களுள் ஒன்று. சிதைந்த நிலையில் இரண்டும் தர்காவிலிருந்து விற்கப்பட்டபின், ஒன்றைச் செப்பனிட மற்றொன்று வெட்டப்பட்டது. ஓரக்கரை முழுவதையும் இழந்து சுருங்கிய அந்த இரண்டாவது கம்பளம் பின்னர் அமெரிக்கா சேர்ந்து, 1953இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்திற்குக் கொடையாக வந்தது. மோரிஸ் குறையற்றதெனப் போற்றியது உடன்பிறப்பின் உடலால் நிறைவுபெற்ற ஒன்றை.

மேலும் ஒன்று. தொழிலாளியின் மாண்புக்காக 1883 முதல் தெருமுனைகளில் முழங்கியவர் மோரிஸ். அவருடைய தொடக்ககாலக் கம்பளங்களின் கரையில் ஒரு சுத்தியல், ஒரு 'எம்' எழுத்து, தேம்ஸைக் குறிக்கும் அலைக்கோடு ஆகியவை நெய்யப்பட்டிருக்கும். இடத்தின் பெயர், முதலாளியின் பெயர், நதி. முடிச்சிட்ட இளம்பெண்களுள் ஒருத்தியின் பெயரும் இல்லை. மன்னராட்சியில் செய்யப்பட்ட அர்தபீல் கம்பளத்திலோ மக்ஸூதின் பெயர் இருக்கிறது. அவர் நெய்தவரா, வடிவமைத்தவரா, மேற்பார்த்தவரா என்பது முடிவாகவில்லை என்பதும், உடனிருந்து முடிச்சிட்டோர் பெயர்கள் அங்கும் இல்லை என்பதும் உண்மையே. ஆயினும் நாள்தோறும் தறியில் அமர்ந்து உழைப்பின் எடையை அறிந்த ஒருவர், தாம் அவ்வளவு நேசித்த கம்பளத்தின் அப்பலகத்தை வாசித்தபின்னும் தம் பட்டறைக்கு அவ்வழக்கத்தைக் கொண்டுவராதது வியப்பே. கம்பளம் வந்த மூன்றாண்டுகளில் அவர் மறைந்தார்.

விக்டோரியா ஆல்பர்ட் என 1899இல் பெயர் மாறிய அதே அருங்காட்சியகத்தில், 2006இல் திறக்கப்பட்ட ஜமீல் கூடத்தின் நடுவே, இக்கம்பளம் பல்லாண்டு சுவரில் தொங்கிய பின் மீண்டும் தரைமட்டத்தில் கிடத்தப்பட்டது. சாயம் மங்காதிருக்க மங்கலான ஒளியில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டும் விளக்கேற்றும் முறையை அங்கு வகுத்தனர். அப்பத்து நிமிடத்தில், சுற்றிலும் எழுந்த கண்ணாடிக்கு வெளியே நின்றபடி, மக்ஸூதின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.