சமீபத்தில் படித்தவை: மூன்று புத்தகங்கள், ஒரு சம்பளம்

கடந்த இரண்டு மாதத்தில் படித்து முடித்தவை மூன்று. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' (இது மறுவாசிப்பு), பி.எச். டேனியலின் 'எரியும் பனிக்காடு' (தமிழில் இரா. முருகவேள்), தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. திட்டம் போட்டு எடுத்தவை இல்லை. ஆனா குறிப்பெடுக்க உட்கார்ந்தப்போ மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வந்து நின்றது: சம்பளம்.

என் சரித்திரம்

1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942இல் உ.வே.சா. இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற தொடர். ஏடு தேடின கதைக்காகத்தான் எல்லாரும் இதைப் பேசுறோம். இந்த முறை என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு முந்தைய பகுதி. அப்பா வேங்கடசுப்பையர் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறார். பாடுகிறார், கதை சொல்கிறார். ஆதரிக்கிற ஊர்க்காரர்கள் நெல்லும் பணமும் தருகிறார்கள். பிறகு மகன் பாடம் கேட்கும் காலத்தில் மடத்துச் சாப்பாடு. மாசம் பிறந்தால் இவ்வளவு என்று கைக்கு வருவது 1880 பிப்ரவரியில், கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியார் இடத்தில் சேர்ந்த பிறகுதான். 50 ரூபாய். சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்துச் சிந்தாமணிப் பேச்சு எழுவதும் அதே வருஷம் அக்டோபரில். ஏடு தேடலுக்குப் பின்னால் இந்த மாசச் சம்பளம் இருந்தது என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

ஒரு குறை உண்டு. எண்பத்தைந்து வயதில் திரும்பிப் பார்க்கிறவருக்குப் பழைய கஷ்டமெல்லாம் கொஞ்சம் இனிப்பாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்த அந்த நெல்லை விளைய வைத்தவர்களின் குரல் இதில் அநேகமாகக் கேட்பதில்லை.

எரியும் பனிக்காடு

அந்தக் குரல் கேட்பது இங்கே. டேனியல் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், தொழிற்சங்கம் கட்டியவர். 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று வந்த நாவல் இது. 1920களின் பின்பாதியில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் ஆனைமலைக்குப் போகிறார்கள். ஊரிலேயே மேஸ்திரி முன்பணம் கொடுத்துவிடுகிறான். அப்புறம் கூலி கணக்கில் ஏறுது, பிடித்தம் கழியுது, கடைசியில் கையில் மிஞ்சுவது கடன். கணக்கை எழுதுவது தோட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவன் அதை எப்படிச் சரிபார்ப்பான்?

நாவலாகப் பார்த்தால் பாத்திரங்கள் தட்டை. துரைமார்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. நோயும் சாவும் வரும் இடங்களில் மட்டும் எழுத்து வேறு மாதிரி ஆகிவிடுகிறது. கையால் தொட்டுப் பார்த்தவர் எழுதுகிறார் என்பது தெரிகிறது.

ஆய்வுக் கட்டுரைகளில் இந்த நாவலை ஆவணம் போல மேற்கோள் காட்டும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டேனியல் தோட்டத்துக்கு வந்தது 1940களில். கதை அதற்கு முந்தைய காலம். அதனால் கூலி இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு என்று இதிலிருந்து எண்களை எடுக்கக் கூடாது. அதற்குக் கணக்குப் பேரேடுகள் இருக்கின்றன. பேரேட்டில் கிடைக்காத ஒன்று நாவலில் கிடைக்கும்: ஊருக்குத் திரும்ப முடியாதபடி ஒரு மனுஷனை அந்தக் கடன் எப்படிக் கட்டிப்போட்டது என்பது. அதை எடுத்துக்கொள்ளலாம், தைரியமாக.

அறியப்படாத தமிழகம்

சின்னச் சின்னக் கட்டுரைகள். உப்பைப் பற்றிப் பேசும்போது தொ.ப., சம்பளம் என்ற சொல்லைச் சம்பா (நெல்) + அளம் (உப்பு) என்று பிரிக்கிறார். வேலைக்கு நெல்லும் உப்பும் கொடுத்த வழக்கம் அந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது என்பது அவர் வாதம். கேட்டதும் பிடித்துப்போகும் விளக்கம், சிக்கலும் அதுதான். சமஸ்கிருதத்தில் 'சம்பல' என்றால் வழிப்பயணத்துக்கான உணவு. அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் தொ.ப.வின் விளக்கத்தை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. அவர் நடையில் ஒரு உறுதி இருக்கு. வாசிக்கிறவரைச் சந்தேகப்பட விடாது. ஆனா சொற்பிறப்பு எப்படிப் போனாலும், கூலியைத் தானியமாகக் கொடுத்த வழக்கம் உண்மை. சாப்பாடு, உப்பு, எண்ணெய் எல்லாம் வரலாற்றுக்குச் சான்று என்று நம்மைப் பார்க்க வைத்ததுதான் இந்தப் புத்தகத்தின் நிஜமான பலம்.

மூன்றையும் சேர்த்து வைத்தால் ஒன்று தெரிகிறது. உ.வே.சா. தன் சம்பளத்தைத் தானே எழுதிவைத்தார். கருப்பனின் கூலியை அவனைக் கட்டிப்போட்டவர்கள் எழுதினார்கள். பிறகு ஒரு டாக்டர் அவனுக்காக எழுத வேண்டியிருந்தது. வழிப்பயண உணவு என்ற அந்த இன்னொரு பொருளை நினைத்துக்கொண்டு மேஸ்திரியின் முன்பணத்தைப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது. போவதற்கு மட்டுமே கொடுக்கப்பட்ட வழிச்செலவு அது.

எதை முதலில் படிக்கலாம் என்று கேட்டால், 'எரியும் பனிக்காடு'. நடையில் மூன்றிலும் பலவீனமானது அதுதான். இருந்தாலும் அதைப் படித்துவிட்டு மற்ற இரண்டுக்கும் போனால், அவற்றில் நெல்லும் உப்பும் வரும் இடங்களைச் சும்மா கடந்துபோக முடியாது.

அடுத்து 'கோபல்ல கிராமம்'. அதில் கூலி எப்படி வருதுன்னு பார்க்கணும்.