ரெசின் லெவியாதன்: அலமாரிக்கா, ஆட்ட மேசைக்கா?

காசு கொடுத்து வாங்கிய பொம்மைக்கு முதல் வேலை குளிப்பாட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னார்கள், நான்தான் காதில் வாங்கவில்லை. ரெசினில் வார்த்த உருவம் எதுவாக இருந்தாலும், அச்சிலிருந்து ஒட்டாமல் கழன்று வருவதற்காகத் தடவிய மசகு அதன் மேல் மிச்சம் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துவிட வேண்டும். 2018ல் அவசரத்தில் பாதி கழுவியும் கழுவாமலும் பிரைமர் அடித்தேன், நீலம் பூசினேன். மூன்றாவது ஆட்டத்தில் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கியபோது வண்ணம் வெங்காயச் சருகு மாதிரி விரலோடு வந்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து.

அந்தப் பொம்மையின் பெயர் லெவியாதன் டிரெட்நாட். வார்ஹேமர் 40,000 ஆடுகிறவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்கு இரண்டு வரி: மேசை மேல் இடிந்த கட்டடங்களையும் பாறைகளையும் பரப்பி, 28 மில்லிமீட்டர் அளவு வீரர்களை நிறுத்தி, டேப்பால் அங்குலம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுடும் போர் விளையாட்டு. நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987ல் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் ஃபோர்ஜ் வேர்ல்ட் பிரிவு, கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளில் இல்லாத பெரிய, அரிய உருவங்களை ரெசினில் வார்த்து விற்பதற்காகவே இருந்தது. லெவியாதன் அந்த வகை. இயந்திரச் சவப்பெட்டிக்குள் சாகாமல் கிடக்கும் ஒரு வீரன், குட்டைக் கால்கள், கழுத்தே இல்லாத தலை, இரு பக்கமும் பீரங்கி. பார்த்தால் பீப்பாய்க்குக் கோபம் வந்தது போல இருக்கும்.

உடல் தனி விலை, வலக் கை தனி விலை, இடக் கை தனி விலை. எல்லாம் சேர்த்துக் கொடுத்த பணத்துக்குப் பத்துப் பேர் கொண்ட பிளாஸ்டிக் படைப்பிரிவு இரண்டு வாங்கியிருக்கலாம், மிச்சத்துக்குப் பெயின்ட்டும் வாங்கியிருக்கலாம்.

இவ்வளவு விலைக்குக் காரணம் அச்சில் இருக்கிறது. பிளாஸ்டிக் உருவங்களுக்கு உலோக அச்சு. அதைச் செதுக்கப் பெருஞ்செலவு ஆகும், ஆனால் ஒரு முறை செய்துவிட்டால் வருஷக்கணக்கில் உருகிய பிளாஸ்டிக்கை உள்ளே பாய்ச்சிக்கொண்டே இருக்கலாம். ரெசினுக்கு சிலிக்கோன் ரப்பர் அச்சு. செய்வது மலிவு, சீக்கிரம் தேய்ந்து கிழிந்துவிடும். ஒவ்வொரு வார்ப்பும் கைவேலை. ஆக, கொஞ்சம் பேர் மட்டுமே வாங்கும் உருவத்துக்கு ரெசின்தான் கட்டுப்படியாகும், வாங்குகிறவருக்கு விலையும் ஏறும். ரப்பர் வளைந்து கொடுக்கும் என்பதால் உலோக அச்சில் எடுக்க முடியாத உட்குழிவுகள் இதில் வரும். லெவியாதனின் முழங்கால் மூட்டுக்குப் பின்னால் ஓடும் குழாய்களைப் பார்த்தபோது, கொடுத்த காசு எங்கே போயிருக்கிறது என்று புரிந்தது.

ஒட்டுவதுதான் அடுத்த பாடு. பிளாஸ்டிக் பசை பாலிஸ்டைரினை லேசாகக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். ரெசினிடம் அந்தப் பருப்பு வேகாது, சூப்பர் க்ளூதான். சூப்பர் க்ளூ இழுவையைத் தாங்கும், பக்கவாட்டில் ஒரு தட்டு விழுந்தால் படக்கென்று விட்டுவிடும். அதனால் கனமான மூட்டுகளில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, பித்தளைக் கம்பியை உள்ளே செருகி ஒட்ட வேண்டும். ரெசின் வார்ப்பில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் இருப்பது சகஜம், எபாக்ஸி புட்டியை ஈர விரலால் அழுத்தி அடைத்துவிடலாம். மெல்லிய பாகம் வளைந்திருந்தால் சுடுதண்ணீரில் அரை நிமிஷம் போட்டு, நிமிர்த்திப் பிடித்து, பச்சைத் தண்ணீரில் முக்கினால் அப்படியே நிற்கும். இதே குணம் கோடையில் எதிராகத் திரும்பும். பூட்டிய காருக்குள் ஒரு மதியம் விட்டுவைத்துவிட்டு வந்தால் துப்பாக்கிக் குழல் வாழைப்பழமாக வளைந்திருக்கும்.

கைகளை நான் ஒட்டவில்லை. ஆயுதத்தை மாற்றிக்கொள்ள வசதியாக, தோளில் ஐந்து மில்லிமீட்டர் நியோடிமியம் காந்தம் பதித்தேன். வலக் கை டக்கென்று ஒட்டிக்கொண்டது. இடக் கையைக் கொண்டுபோனால் விலகி ஓடியது. காந்தத்தை வடக்கு தெற்கு பார்க்காமல் பதித்திருக்கிறேன். சூப்பர் க்ளூ போட்டுப் பதித்த காந்தத்தைத் துளையிட்டுத் தோண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. காந்தம் வாங்கினால் எல்லாவற்றிலும் ஒரே பக்கத்தில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு நிமிஷ வேலை.

இதெல்லாம் முடிந்து பொம்மை எழுந்து நின்றபிறகுதான் நிஜமான கேள்வி வந்தது. இதை வாராவாரம் ஆடும் சாதாரண ஆட்டத்துக்கு எடுத்துப் போகலாமா?

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு விதிநூலிலேயே பதில் இருந்தது. ஃபோர்ஜ் வேர்ல்ட் உருவங்களின் விதிகள் இம்பீரியல் ஆர்மர் என்ற தனி நூல் வரிசையில் வந்தன. எதிராளியிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சரி என்றால்தான் இறக்கலாம் என்பதே வழக்கம். பிறகு வேலி ஒவ்வொன்றாக விழுந்தது. 2013ல் வந்த எஸ்கலேஷன் நூல் ராட்சத இயந்திரங்களைச் சாதாரண ஆட்டத்துக்குள் விட்டது. 2017ல் 8ஆம் பதிப்பு வந்தபோது ரெசின் உருவங்களுக்கும் மற்றவற்றைப் போலவே புள்ளி (ஆட்டத்தில் அவற்றின் பலத்துக்கான விலை) போட்டுப் பட்டியல் வெளியிட்டார்கள். கேட்கத் தேவையில்லை, புள்ளி சரியாக இருந்தால் போதும் என்றாயிற்று.

எனக்கும் அப்படித்தான் பட்டது. 2,000 புள்ளிப் படையில் இது அப்போது சுமார் 300 புள்ளி. விலை எவ்வளவு என்று பகடைக்குத் தெரியாது, புள்ளிதானே நீதிபதி?

வாராவார ஆட்டம் ஒன்றில் அந்த நீதிபதி தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு எதிரே ஒரு பதினேழு வயதுப் பையன். பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் வாங்கிய பிளாஸ்டிக் படை, பாதிக்கு இன்னும் வண்ணம்கூட அடிக்கவில்லை. இரண்டாவது சுற்றில் அவனுடைய பத்து ஸ்பேஸ் மரீன் வீரர்கள் திறந்த வெளிக்கு வந்தார்கள். லெவியாதனின் இரண்டு கையிலும் ஸ்டார்ம் கேனன், கைக்குப் பத்தாக 20 குண்டு. அடிபடாத லெவியாதனுக்கு 2 அல்லது அதற்கு மேல் எது விழுந்தாலும் குறி தப்பாது, ஆக 16, 17 படும். அதில் 11 காயமாகும். வழக்கமாக 3 விழுந்தாலே காக்கும் கவசத்துக்கு இந்தக் குண்டின் எதிரே 5 தேவைப்படும், ஆகவே ஏழெட்டுக் காயம் உள்ளே போய்விடும். ஒவ்வொரு காயமும் இரண்டு உயிர்ப்புள்ளியை எடுக்கும், அந்த வீரனுக்கு இருப்பதே இரண்டு. பத்தில் ஏழு பேர் காலி என்பது சராசரிக் கணக்கு. அன்று எட்டுப் பேர் விழுந்தார்கள். பையன் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொருவராக எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கினான். திருப்பிச் சுட்டான். 8 என்ற உடல் வலு, 14 உயிர்ப்புள்ளி, எவ்வளவு பெரிய குண்டு வந்தாலும் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் தடுக்கும் கேடயம். கீறல்கூட விழவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது. போகும்போது, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தேன்.

காசு இருப்பவன் ஜெயிக்கிறான் என்ற முணுமுணுப்பு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பழையது. அதில் பாதிதான் உண்மை. ஆயிரம் பவுண்டைத் தாண்டும், அரை மீட்டருக்கு மேல் உயரமான வார்லார்ட் டைட்டனை வாங்கினாலும் வாரத்து ஆட்டத்தில் இறக்கவே முடியாது. அது ஒன்றின் புள்ளியே ஒரு முழுப் படையைத் தாண்டிவிடும். விலை உயர்ந்த ரெசின் உருவங்களில் பலவும் மேசையில் சுமார்தான், சில படு சொதப்பல். ஆனால் லெவியாதன் மாதிரி ஒன்றிரண்டுக்கு அவ்வப்போது விதி இளகிவிடும். எதிராளி கடையில் பார்த்திராத, விதி படித்திராத உருவம் என்பதால் அந்த அடி இரண்டு மடங்காக விழும். என் கோபம் விலை மேல் இல்லை, இந்தத் தெரியாமையின் மேல். அன்று அந்தப் பையனுக்கு 24 அங்குலம்தான் அந்தப் பீரங்கியின் எல்லை என்று தெரிந்திருந்தால் வெளியே வந்திருக்க மாட்டான். நானாவது சொல்லியிருக்க வேண்டும்.

பழங்கால ராணுவப் பொம்மை ஆட்டங்களில் இந்தத் தலைவலி இல்லை. நெப்போலியன் காலத்துப் போரை பிளாக் பவுடர் விதிப்படி ஆடினால், சிப்பாய் யார் வார்த்தது, ஈயக் கலவையா பிளாஸ்டிக்கா என்று விதி கேட்பதே இல்லை. விலை கூடிய சிப்பாய் அழகாக இருப்பான், அவ்வளவுதான், குறி பார்த்துச் சுடமாட்டான். இந்தப் பொழுதுபோக்கின் பாட்டன் எச். ஜி. வெல்ஸ் 1913ல் 'லிட்டில் வார்ஸ்' எழுதினார். அவருடைய ஆட்டத்தில் ஸ்பிரிங் வைத்த பொம்மை பீரங்கியால் சிப்பாய்களை நிஜமாகவே அடித்து வீழ்த்த வேண்டும். அந்த விதி இன்றைக்கு இருந்தால் ரெசின் வியாபாரம் ஒரே நாளில் படுத்துவிடும்.

விதியின் கருணை நிரந்தரம் இல்லை என்பதையும் லெவியாதனே காட்டியது. 2020ல் வந்த இம்பீரியல் ஆர்மர் தொகுப்பில், இப்படிப்பட்ட பழம்பெரும் இயந்திரத்தை இறக்க சிறப்புத் தந்திரங்களுக்குச் செலவிடும் கட்டளைப் புள்ளி ஒன்றைக் கூடுதலாகக் கட்டச் சொன்னார்கள். 2023ல் 10ஆம் பதிப்பு வந்த பிறகு லெவியாதன் லெஜண்ட்ஸ் பட்டியலுக்குப் போய்விட்டது. விதிகளை இலவசமாகப் பதிவிறக்கலாம், நண்பர்களோடு ஆடலாம், ஆனால் போட்டிகளுக்கு நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. மேசையின் ராஜா ஆறு வருஷத்தில் கௌரவ விருந்தாளி ஆகிவிட்டார். ஜெயிப்பதற்காக மட்டும் வாங்கியவர்கள் அன்றே விற்கக் கிளம்பியிருப்பார்கள்.

இதற்கிடையே அதே நிறுவனத்தின் இன்னொரு ஆட்டமான ஹோரஸ் ஹெரசிக்காக இதே லெவியாதன் பிளாஸ்டிக்கில் வந்துவிட்டது. அதையும் ஒன்று வாங்கி ஒட்டிப் பார்த்தேன். குளியல் கிடையாது, கம்பி கிடையாது, புட்டி கிடையாது. ஒரே மாலையில் எழுந்து நின்றது. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், முழங்கால் குழாய்களில் ரெசின் கொஞ்சம் முந்துகிறது. விளிம்புகளின் கூர்மையில் பிளாஸ்டிக் முந்துகிறது. மூன்றடி தள்ளி நின்றால் எனக்கே எது எது என்று தெரியவில்லை, ஆட்டத்தில் எல்லோரும் நிற்பது மூன்றடி தள்ளித்தான். பிளாஸ்டிக் ஒரு முறை மேசையிலிருந்து தரையில் விழுந்தது. எடுத்து வைத்தேன், ஆட்டம் தொடர்ந்தது. ரெசின் அதே மேசையிலிருந்து விழுந்த நாளில் கணுக்கால் இரண்டு துண்டானது. என் முழங்கை பட்டுத்தான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

ஏழு வருஷத்துக்கு மேல் இதைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் கைக்கு வந்த பழக்கங்கள் சில உண்டு. முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் மேட் வார்னிஷ். இல்லாவிட்டால் விரல் படும் தோள் முனையில் வண்ணம் தேய்ந்துவிடும். பீரங்கியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடித்தட்டைப் பிடித்து நகர்த்த வேண்டும், எதிராளிக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் லெவியாதனுக்கென்று ஸ்பாஞ்சில் தனிக் குழி, கைகள் கழற்றிய நிலையில். முக்கியமாக, ஆட்டத்துக்கு முதல் நாள் இரவே ஒரு செய்தி: "நாளைக்கு லெவியாதனைக் கொண்டு வரட்டுமா? விதித்தாளை அனுப்பியிருக்கிறேன்." வேண்டாம் என்று இதுவரை இரண்டு பேர்தான் சொன்னார்கள். இரண்டு முறையும் லெவியாதன் வீட்டிலேயே இருந்துகொண்டான், ஆட்டம் நன்றாகவே போனது.

வாராவாரம் ஆடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பிளாஸ்டிக் லெவியாதன் போதும், யோசிக்கவே வேண்டாம். போட்டிக்குத் தயார் செய்கிறவர்கள் இரண்டையுமே தொட வேண்டாம். உட்கார்ந்து ஒட்டுவதிலும் வண்ணம் பூசுவதிலும்தான் ருசி என்பவர்கள், பழைய ரெசின் பிரதி யாராவது விற்றால் தயங்காமல் வாங்கலாம். கழுவாமல் பிரைமர் அடிக்காதீர்கள். அறுக்கும்போதும் உப்புத்தாள் போடும்போதும் முகக்கவசம் அணிந்து, ஈரம் வைத்தே தேயுங்கள், ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது.