சேலை வேலி

கல்லிடைக்குறிச்சி என்றால் பலருக்கு அப்பளம். எனக்கு, கன்னடியன் கால்வாய்ப் பக்கம் தோட்டங்களைச் சுற்றிக் கட்டிய பழஞ்சேலைகள். கம்பு ஊன்றி, கத்தரிக்கும் வெண்டைக்கும் அரணாக வரிசையாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். மேற்கே, 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். இரவில் பன்றி இறங்கும், விடிந்தால் மயில் வரும். மயிலை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் காக்கிறது; விரட்டத்தான் முடியும். கள்ள மின்சாரம் பாய்ச்சிய கம்பி யானையையும் ஆளையும் கொல்லும். இந்தச் சேலை வேலியில் ஓர் உயிரும் போகாது, அதுதான் இதன் அழகு. நூல்சேலையைவிட நைலான் சேலையே மேல்: மழையில் ஊறாது, எளிதில் மட்காது, லேசான காற்றுக்கே படபடக்கும். அசைவு கண்டு பன்றி தயங்கும். கிளிக்கு இது போதாது, மின்னும் நாடாவும் தகரத்தட்டும் வேண்டும். விலங்குக்கும் பறவைக்கும் எதுவும் சில நாளில் பழகிவிடும் என்பதால், சேலைகளை அவ்வப்போது இடம் மாற்றிக் கட்டுகிறார்கள்.