அலர் திரும்பும் இடம்: பாமாவின் 'சங்கதி'யில் பெண் துணிவு

தில்லி லோதி ரோட்டை ஒட்டிய பகுதியில் தமிழ் இருவேறு வழிகளில் வழங்கி வந்துள்ளது. நடுவண் அரசு ஊழியர்களின் குடியிருப்புகளும், அவர்தம் பிள்ளைகள் பயிலத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளியும் ஒரு வழி. அதே சாலையிலுள்ள இந்தியா ஹேபிடட் சென்டர் போன்ற அரங்குகளில் ஆங்கில மொழிபெயர்ப்பு வாயிலாக அறிமுகமாகும் தமிழ் மற்றொரு வழி. முதல் வழித் தமிழருக்கு இலக்கிய வடிவம் தந்தவர்களுள் ஆதவனும் இந்திரா பார்த்தசாரதியும் குறிப்பிடத்தக்கவர்கள். 'காகித மலர்கள்', 'தந்திர பூமி' ஆகிய நாவல்களில் தலைநகரத் தமிழன் எதிர்கொள்ளும் நெருக்கடி, பூண்ட வேடத்தைக் களைந்து தானாக வாழும் துணிவு தனக்கு உண்டா என்பதாகவே அமைகிறது. துணிவில்லாமற் போனாலும் அவனுக்கு ஊதியம் உண்டு, குடியிருப்பு உண்டு. துணிவின்றி ஒரு பொழுதைக்கூடக் கழிக்க இயலாத பெண்களைப் பற்றிய தமிழ், தலைநகருக்குப் பெரும்பாலும் இரண்டாம் வழியாகவே வந்து சேர்ந்தது. அவ்வாறு வந்த நூல்களுள் பாமாவின் 'சங்கதி' (1994) தனித்து நோக்கத்தக்கது.

'சங்கதி' லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2005இல் வெளியானது. பின்னர் அது தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இளங்கலைச் சிறப்புப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. 2021 ஆகஸ்டில், மேற்பார்வைக் குழுவொன்றின் பரிந்துரைப்படி பாமாவின் பாடமும் சுகிர்தராணியின் கவிதைகளும் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. கல்விக் குழு உறுப்பினர் 15 பேர் எதிர்ப்புக் குறிப்பு அளித்தனர். ஆசிரியர்களின் சாதி கருத்தில் கொள்ளப்படவில்லை என்று பல்கலைக்கழகத் தரப்பு விளக்கியது. அவ்விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒரு வினா எஞ்சுகிறது. நீக்கப்பட்ட மூன்று ஆசிரியர்களின் எழுத்திலும் ஒடுக்கப்பட்ட பெண்ணின் உடல், நாணத்தை விலக்கிக்கொண்டு அதிகாரத்தின் முன் நிற்கிறது. அந்த நிற்றலைத் துணிவு என்று வாசிப்பதா, ஒவ்வாமை என்று ஒதுக்குவதா என்பதே அவ்வினா. இவ்வகையில் தில்லியைக் குறைகூறும் தகுதி தமிழ்த் துறைகளுக்கு முழுமையாக உண்டு என்றும் கூறுவதற்கில்லை. 'கருக்கு' (1992) வெளிவந்த காலத்தில் அதன் மொழியைக் 'கொச்சை' என்று முகம் சுளித்தவர்கள் தமிழ் படித்தவர்களே.

அலரும் தண்டமும்

அகத்திணை மரபில் அம்பல், அலர் என்னும் இரண்டும் ஊரார் பேச்சைக் குறிக்கும். முணுமுணுப்பாக இருப்பது அம்பல்; வெளிப்பட்டுப் பரவுவது அலர். களவொழுக்கம் அலரால் வெளிப்பட்டு, வரைவில், அதாவது திருமணத்தில், சென்று முடிவதே பெரும்பான்மை வழக்கு. தலைவிக்கு அலர் துன்பம் தருவதாயினும் அது இறுதியில் அவள் காதலுக்கே துணை செய்கிறது. ஊர்வாயின் கொடுமையைக் கவிதை இவ்வாறு இனிமையாக்கிக்கொண்டது எனலாம்.

'சங்கதி'யில் இடம்பெறும் மாரியம்மாவின் கதையை இப்பின்னணியில் வைத்து நோக்கும்போது அதன் கொடுமை துலங்குகிறது. விறகு பொறுக்கச் சென்ற மாரியம்மா தாகத்திற்குத் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குச் செல்கிறாள். நிலத்துக்குரிய ஆதிக்க சாதி முதலாளி அவளைப் பம்ப்செட் அறைக்குள் இழுக்கிறார். அவள் தப்பி ஓடிவிடுகிறாள். தன் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சிய முதலாளி முந்திக்கொள்கிறார். மாரியம்மாவும் மாணிக்கம் என்னும் இளைஞனும் தவறாக நடந்ததைத் தான் கண்டதாக ஊர்த்தலைவரிடம் முறையிடுகிறார். அன்றிரவே ஊர்க்கூட்டம் கூடுகிறது. பெண்கள் ஒதுங்கி நின்று கேட்கலாம், பேசக்கூடாது. நடந்தது என்ன என்பதை அறிந்த பெண்கள் முணுமுணுக்கிறார்கள். ஆண்கள் அவர்களை அதட்டி அடக்குகிறார்கள். தகப்பன் எல்லார் முன்னிலையிலும் மகளை அடிக்கிறான். இருவருக்கும் தண்டம் விதிக்கப்படுகிறது. மாணிக்கத்துக்கு விதித்ததைவிட மாரியம்மாவுக்கு விதித்த தொகை மிகுதி. பெண்தான் அடக்கமாக இருக்கவேண்டும் என்பது அதற்குக் கூறப்படும் நியாயம்.

பிற்பாடு மாரியம்மா அதே மாணிக்கத்துக்கு மனைவியாகிறாள். இவ்விடம் திறனாய்வாளரின் கவனத்திற்கு உரியது. அலர் எழுந்தது, அலருக்குரிய ஆணுடனே வரைவும் நிகழ்ந்தது. அகமரபின் கட்டமைப்பு சிறிதும் பிறழாமல் நிறைவேறியிருக்கிறது. காதல் மட்டும் அதில் இல்லை. ஒரு முதலாளியின் பொய், குடிகாரன் ஒருவனுடன் அவள் கழிக்கவேண்டிய வாழ்க்கையாக உருமாறிவிடுகிறது. பாமா மரபை எதிர்க்கும் நோக்குடன் இதனை அமைத்தார் என்று கூறுவதற்குப் பிரதியில் சான்றில்லை. நிகழ்வே அவ்வாறுதான் இருக்கிறது.

மேலும், ஊர்க்கூட்டத்தில் அமர்ந்த ஆண்கள் தீயவர்களாகச் சித்திரிக்கப்படவில்லை. முதலாளியைப் பகைத்துக்கொண்டால் தெரு முழுவதும் வேலை இழக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். அவர்கள் அறிந்தே செய்த கணக்கில் ஒரு பெண் கழிக்கப்படுகிறாள். ஒடுக்குமுறை அச்சத்தால் மட்டும் இயங்குவதில்லை, அறிவார்ந்த கணக்காலும் இயங்குகிறது என்பதை இப்பகுதி காட்டுமளவுக்குத் தெளிவாகத் தமிழ்ப் புனைகதையில் காட்டிய இடங்கள் மிகச் சில.

ஏச்சு என்னும் படைக்கலம்

இதற்கு எதிர்நிலையில் அமைவது ராக்கம்மாவின் காட்சி. கணவன் அடிக்க வருகிறான். அவள் வீட்டுக்குள் ஒடுங்காமல் தெருவுக்கு வருகிறாள். உரத்த குரலில் அவனையும் அவன் ஆண்மையையும் ஏசுகிறாள். உச்சமாகக் கூடியிருந்தவர் முன் தன் சேலையைத் தூக்கிக் காட்டுகிறாள். அவன் அகன்றுவிடுகிறான். கதைசொல்லிக்கு முதலில் தோன்றுவது அருவருப்பே. பின்னர்தான், அவள் அவ்வாறு கத்தியிராவிட்டால் அடிபட்டே செத்திருப்பாள் என்னும் உண்மை அவளுக்குப் புலனாகிறது. கதைசொல்லியின் இந்த மாற்றமே நூலின் அச்சு எனலாம். துணிவைக் காண்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது. படித்த பெண்ணாகிய கதைசொல்லி அப்பயிற்சியைத் தன் தெருவிலேயே மீண்டும் பெறவேண்டியுள்ளது.

அச்சம், நாணம், மடம் என்பவற்றைப் பெண்ணின் இயல்புகளாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. மறம் பெண்ணுக்கு அறவே மறுக்கப்பட்டது என்றும் கூறமுடியாது. புறநானூற்றின் மூதின்முல்லைத் துறைப் பாடல்களில் மறக்குடி மகளிரின் வீரம் வியந்து பாடப்படுகிறது. ஆனால் அவ்வீரம் கணவனையும் மகனையும் களத்துக்கு அனுப்புவதில் நிறைவுறும் வீரம். வேந்தனின் போருக்கு உதவும் வீரம். கண்ணகி அரசவையில் நின்று வழக்குரைத்தாள். அவளும் கணவனுக்காகவே உரைத்தாள். ராக்கம்மா தன் உடம்பு அடிபடாமல் இருப்பதற்காக மட்டுமே பேசுகிறாள். அதற்கு மேல் ஒரு புனித நோக்கம் அவளுக்கு இல்லை. தமிழ் மரபில் பெண் மறத்திற்கு இந்த எளிய உரிமை கிடைப்பதற்கு இத்தனை காலம் ஆயிற்று என்பது எண்ணத்தக்கது.

மாரியம்மாவை வீழ்த்திய அலர் இங்கே கை மாறுகிறது. ஊரார் தன்னைப் பற்றிப் பேசுமுன் ராக்கம்மா தானே ஊரைக் கூட்டுகிறாள். நாணம் என்பது இழக்கக்கூடிய ஒரு பொருளாக இருக்கும்வரைதான் அதைக் கொண்டு ஒருத்தியை அச்சுறுத்த முடியும். அவள் அதைத் தானே வீசி எறிந்துவிட்ட பின் கணவனிடம் மிரட்டுவதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. சுவர் தடித்த மேல்சாதி வீடுகளில் அடி வெளியே கேட்பதில்லை. சேரித் தெருவில் எல்லாம் கேட்கும். இழிவாகக் கருதப்படும் இந்தத் திறந்த வாழ்நிலையே அவளுக்கு அரணாகிறது.

எனினும் இதனை விடுதலை என்று கொண்டாடும் திறனாய்வுகள் பிரதியைக் காட்டிலும் விரைந்து செல்கின்றன. ராக்கம்மா தப்பித்தது அந்த ஒரு பொழுதுக்கு மட்டுமே. மறுநாளும் அவள் அதே வீட்டில்தான் சமைக்கிறாள். இன்னொன்றும் கருதவேண்டும். தெருவில் இத்தனை ஓங்கி ஒலிக்கும் பெண்குரல் ஊர்க்கூட்டத்தில் முணுமுணுப்பாகத் தேய்கிறது. கணவனுக்கு எதிராக எழும் நாவு முதலாளிக்கு எதிராக எழுவதில்லை. வெளியே முதலாளியிடமும் காவல்துறையிடமும் அவமானப்பட்ட ஆண், வீட்டில் தன் அதிகாரத்தைத் தேடுகிறான் என்று கதைசொல்லி காரணம் காட்டுகிறாள். அக்காரணம் உண்மை. ஆயினும் பெண்ணின் துணிவும் அதே ஏணியின் கீழ்ப்படியிலேயே நின்றுவிடுகிறது என்பதை அவள் அழுத்திக் கூறவில்லை. வாசகரே உய்த்துணர வேண்டியுள்ளது.

பேய்பிடித்தல் பற்றிய பகுதி இதனோடு சேர்த்து வாசிக்கத்தக்கது. சாதி மாறி மணந்ததற்காக உடன்பிறந்தோரால் கொல்லப்பட்ட எசக்கியின் கதை பாட்டியின் வாயாகச் சொல்லப்படுகிறது. உழைப்பிலும் உதையிலும் ஓய்வு காணாத பெண்களின் மனமே பேயாகக் கிளம்புகிறது என்று கதைசொல்லி முடிவு செய்கிறாள். கத்த முடிந்தவள் ராக்கம்மா. கத்த முடியாதவளின் வாயால் எசக்கி கத்துகிறாள்.

கதைசொல்லியின் குரல்

நூலின் குறை ஒன்றைக் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. நிகழ்வுகளைச் சொல்லி முடித்தபின் கதைசொல்லி பல இடங்களில் அறிவுரையில் இறங்கிவிடுகிறாள். பெண்கள் தம்மை உணரவேண்டும், ஆண் பெண் பிள்ளைகளை வேறுபாடின்றி வளர்க்கவேண்டும் என்பன போன்ற கருத்துகள் மறுக்கத்தக்கன அல்ல. ஆனால் அவ்விடங்களில் மொழி வலுவிழக்கிறது. சேரிப் பேச்சின் ஏற்ற இறக்கம் மறைந்து மேடைப் பேச்சின் சாயல் ஏறுகிறது. மாறாக, வெள்ளையம்மாக் கிழவியைப் பற்றிய செய்தி நூலின் தொடக்கத்தில் போகிற போக்கில் சொல்லப்படுகிறது. இலங்கைக்குப் பிழைக்கப் போன கணவன் திரும்பவில்லை. பஞ்சம் வந்தபோது அவள் தாலியைக் கழற்றி விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றினாள். இதற்குக் கதைசொல்லி விளக்கவுரை எதுவும் எழுதவில்லை. தாலி குறித்து எத்தனையோ பெண்ணியக் கட்டுரைகள் எடுத்துரைக்க முயன்றதை அக்கிழவி வயிற்றுப்பாட்டின் பொருட்டுச் செய்து முடித்துவிட்டுப் பிள்ளைப்பேறு பார்க்கப் போய்விடுகிறாள்.

ஆயினும் அதே கிழவிதான், நடந்த உண்மையை எவரும் நம்பமாட்டார்கள் என்று கூறி மாரியம்மாவின் வழக்கில் பொறுத்துப்போகச் சொல்கிறாள். துணிவும் பணிவும் ஒரே உள்ளத்தில் இடம் மாறி மாறி அமர்வதை இப்பாத்திரம் காட்டுமளவுக்கு நூலின் எந்தக் கருத்துரையும் காட்டவில்லை.

'சங்கதி' என்னும் சொல்லுக்குச் செய்தி, நிகழ்வு என்பது பொருள். இசைத்துறையில் ஒரே அடியை மீண்டும் மீண்டும் எடுத்து, ஒவ்வொரு முறையும் சற்று விரித்துப் பாடுவதும் சங்கதியே. ஆசிரியர் இதனை எண்ணியிருக்க வேண்டியதில்லை. ஆனால் கதைக்கட்டு இல்லை, இது நாவலே அன்று என்று குறை கூறியோருக்கு இச்சொல்லே விடை தருகிறது. மாரியம்மா, தாயி, ராக்கம்மா, தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகும் சிறுமி மைக்கண்ணி என ஒரே அடி வெவ்வேறு தொண்டைகளில் திரும்ப வருகிறது.

மொழிபெயர்ப்பில் தங்காத பகுதியும் இதுவே. ஏச்சுச் சொற்களில் உறவுமுறையும் உடம்பும் உழவும் பின்னிக் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் அவை ஒருசில வசைச்சொற்களாகச் சுருங்குவதைத் தவிர்க்க இயலாது. லோதி ரோட்டு அரங்கில் அமர்ந்து ஆங்கிலம் வழியே கேட்பவருக்கு ராக்கம்மாவின் செயல் சென்றடையும். அவள் குரல் சென்றடைவது அரிது. செயலை மட்டும் கண்டவர்க்கு அது ஒவ்வாமையாகத் தோன்ற இடமுண்டு. பாடநீக்கத்தின் காரணத்தை இதற்குள் அடக்கிவிட முடியாது. எனினும் பாடம் நீக்கப்பட்டமையால், கதைசொல்லி அருவருப்பிலிருந்து அறிதலுக்கு வந்த வழியை அவ்வகுப்பறையில் பின்பற்றிப் பார்க்கும் வாய்ப்பு மாணவர்க்கு இல்லாமற் போயிற்று.

நீக்கப்பட்ட மற்றொரு தமிழ்க் கவிஞரான சுகிர்தராணி, 2023 பிப்ரவரியில் தமக்கு அறிவிக்கப்பட்ட விருதொன்றை, அதன் புரவலராக அமைந்த பெருநிறுவனம் தம் கொள்கைக்கு ஒவ்வாதது என்று கூறி ஏற்க மறுத்தார். அவர் அரசுப் பள்ளித் தமிழாசிரியர். மறுப்பைக் கூடத் தெருவில் நின்று சொல்வதுபோல் எல்லாரும் அறியச் சொன்னார்.

'சங்கதி'யின் கதைசொல்லியும் படித்து வேலைக்குச் சென்று தனித்து வாழ்கிறாள். நகரத்தில் அவளுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. சாதியைச் சொன்னால் வீடு இல்லை. திருமணமாகவில்லை என்றால் ஐயம். ராக்கம்மாவுக்குக் கூட்டுவதற்கு ஒரு தெரு இருந்தது. இவள் நிற்கும் தெருவில் ஒவ்வொரு கதவும் தனித்தனியே சாத்தப்படுகிறது, சத்தமின்றி. அவள் அடுத்த வீட்டைத் தட்டுகிறாள்.