காரணம் சொல்லாத வசனம்

ஒரு காலத்தின் வசனம் எப்படி இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர் நாவலையும் சிறுகதையையும் மட்டும் படித்தால் போதாது. கோர்ட்டு நோட்டீஸ், ரயில்வே அறிவிப்பு, பாங்கிலிருந்து வரும் கடிதம் இவற்றையும் படிக்க வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு வாசகனிடம் கொஞ்சமாவது பயம் உண்டு. நோட்டீஸ் எழுதுகிறவனுக்கு அந்தப் பயம் கிடையாது. ஆகையால் அவனுடைய மனோபாவம் வாக்கியத்தில் அப்படியே வந்து விழுந்துவிடுகிறது. இந்த ரகத்தில் நான் சமீபத்தில் ஊன்றிப் படித்தது, ஒரு பெரிய மின்னஞ்சல் கம்பெனி எங்கள் மடற்குழுவுக்கு அனுப்பிய மறுப்புக் குறிப்பு.

மடற்குழு என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அங்கத்தினர் ஒருவர் பொது விலாசத்துக்குக் கடிதம் எழுதுகிறார்; அங்கேயுள்ள யந்திரம் அதைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறது. அந்த யந்திரத்துக்குச் சர்வர் என்று பெயர். ஓட்டல் சர்வரை நினைத்துக்கொண்டாலும் தவறில்லை. ஒரே அடுப்படியிலிருந்து பல மேஜைகளுக்குக் கொண்டுபோய் வைப்பதுதான் இதற்கும் வேலை. எங்கள் குழுவில் சுமார் 300 பேர். பழைய நாவல்களைப் படித்துச் சண்டை போட்டுக்கொள்வது எங்கள் தொழில். ஒரு நாள் அந்தக் கம்பெனியில் விலாசம் வைத்திருந்த அங்கத்தினர்களுக்குப் போன கடிதங்கள் எல்லாம் திரும்பி வந்தன. கூடவே ஒரு குறிப்பு: 550 என்ற எண், அதன் பின் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்.

எண்ணைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய அஞ்சல் விதிகளில் இந்த எண்களுக்கு அர்த்தம் வகுக்கப்பட்டிருக்கிறது. 2-ல் தொடங்கினால் ஏற்றுக்கொண்டேன் என்று பொருள். 4-ல் தொடங்கினால் பிறகு வா. 5-ல் தொடங்கினால் இதைக் கொண்டு மறுபடி வராதே. எண் யந்திரத்துக்கு, பின்னால் வரும் வாக்கியம் மனிதனுக்கு. சிக்கனமான வசனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் சொல்வது சிரமம். மனிதனுக்கென்று ஒதுக்கிய பாதியை யாருக்காகவும் இல்லாமல் எழுதியதுதான் பின்னால் வந்தவர்கள் செய்த தவறு.

அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். ‘தங்கள் சர்வர் எங்கள் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருப்பதால் கடிதம் ஏற்கப்படவில்லை.’ சேர்த்தது யார்? எதற்காக? எப்போது? ஆங்கிலத்தில் மறைந்து நிற்கும் ஆள், தமிழில் ‘படு’ என்ற துணைவினையின் பின்னால் ஒளிய முடியாமல் கையும் களவுமாக அகப்பட்டுக்கொள்கிறான். செய்தவன் இல்லாத செயலை நம் பாஷை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

கம்பெனியின் கட்சியையும் கேட்கத்தான் வேண்டும். 1978 மே மாதத்தில், கணிப்பொறி விற்கும் ஒரு கம்பெனியைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், அன்றைய ஆர்ப்பாநெட் வலையில் இருந்தவர்களில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். குப்பைக் கடிதத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி என்று சொல்வார்கள். அதன் பிறகு வந்த வெள்ளத்தை ஆட்களை வைத்துத் தடுக்க முடியாது. இன்ன காரணத்துக்காகத் தடுத்தேன் என்று விவரமாகச் சொன்னால், அந்தக் காரணத்தை மட்டும் திருத்திக்கொண்டு திருடன் மறுநாளே வந்து நிற்பான். இந்த வாதம் நியாயமானது.

மேலும், மடற்குழு இயற்கையிலேயே சந்தேகத்துக்கு இடம் கொடுப்பது. கடிதம் எழுதியவர் ஒருவர்; கொண்டுவருவது வேறொருவர். போகிற வழியில் தலைப்போடு குழுவின் பெயரைச் சேர்க்கிறது, அடியில் இரண்டு வரி ஒட்டுகிறது. மூலக் கடிதத்தில் இட்டிருந்த மின் முத்திரை உடைந்துபோகிறது. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் விலாசத்திலிருந்து வருவதாகச் சொல்லிக்கொள்ளும் கடிதம் முத்திரைச் சோதனைகளில் தேறாவிட்டால் ஏற்க வேண்டாம் என்று உலகத்துக்கே அறிவித்தது. அதே மாதம் ஏஓஎல் நிறுவனமும் அதைப் பின்பற்றியது. விளைவாக, எழுதியவர் விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் குழுவின் விலாசத்தைப் போட்டு அனுப்பும்படி பல மடற்குழுக்களுக்கு நேர்ந்தது. எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு இது ஒப்பவில்லை. ஆனாலும் அது சொல்லிச் செய்த காரியம். விதி தெரிந்தது, தெரிந்ததால் ஜனங்கள் வழியும் கண்டார்கள். 2024 பிப்ரவரியில் கூகிளும் யாஹூவும் பெருவாரியாகக் கடிதம் அனுப்புகிறவர்களுக்கு விதித்த நிபந்தனைகளும் அப்படித்தான். முத்திரை வேண்டும், விலகிக்கொள்ளச் சுலபமான வழி வேண்டும், புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்று எண்ணோடு எழுதி வைத்தார்கள். கடுமையான விதியாகவே இருக்கட்டும், படித்தால் புரிகிறது. 1998 முதல் இயங்கிவரும் ஸ்பாம்ஹவுஸ் என்ற தடைப் பட்டியல் ஸ்தாபனத்தைத் திட்டுகிறவர்கள் ஏராளம். ஆனால் அங்கே விலாசத்தைக் கொடுத்துக் கேட்டால், எந்தப் பட்டியலில் இருக்கிறோம், வெளியே வர என்ன செய்ய வேண்டும் என்று பதில் கிடைக்கிறது.

எங்களுக்கு அது கிடைக்கவில்லை. சம்பளமில்லாமல் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் நண்பர் பெயரையும் எண்ணையும் முத்திரையையும் சரிபார்த்தார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. கம்பெனியின் விண்ணப்பப் பாரத்தைப் பூர்த்தி செய்தார். சில மணி நேரத்தில், சலுகைக்குத் தகுதியில்லை என்று யந்திரத்திலிருந்து பதில் வந்தது. மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில். மூன்றாவது கடிதத்துக்கு ஒருவர் பெயரிட்டுப் பதில் எழுதினார். சில நாட்களில் தடை நீங்கிவிட்டது. அதே வாடகைக் கட்டடத்தில் வேறு எவனோ குப்பை அனுப்பியதற்காகத் தெருவையே அடைத்திருக்கலாம் என்பது நண்பரின் ஊகம். ஊகம்தான்; தடுத்தபோதும் காரணம் சொல்லவில்லை, விட்டபோதும் சொல்லவில்லை. காரணமில்லாமல் கிடைக்கும் விடுதலையில் எனக்குச் சந்தோஷம் ஏற்படுவதில்லை. அது நியாயம் அல்ல, தயவு.

இதில் மோசம் போனவர்கள் நாங்கள்கூட அல்ல. மறுப்புக் குறிப்பு அனுப்பியவனுக்கு வருகிறதே தவிர, பெற வேண்டியவருக்கு ஒரு வரியும் போவதில்லை. கடிதம் வேண்டும் என்று கேட்டுச் சேர்ந்தவர் அவர். அவரைக் காப்பாற்றுவதாகச் சொல்லித்தான் தடுக்கிறார்கள். அவருக்கு மட்டும் தெரியாது. திரும்பி வரும் கடிதங்கள் ஓர் அளவைத் தாண்டினால், குழுவின் மென்பொருளும் அவர் பெயருக்கு அனுப்புவதைத் தானாகவே நிறுத்திவிடும். எங்கள் குழுவில் ஒரு பெரியவர், ரிடையரான தலைமையாசிரியர், ஒரு நாவலைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருந்தார். 11 பேர் பதில் எழுதினார்கள். ஒன்றுகூட அவரிடம் போய்ச் சேரவில்லை. தாம் எழுதியதை யாரும் பொருட்படுத்தவில்லை என்று நினைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்து நண்பர் டெலிபோனில் கூப்பிட்டு விளக்கியபோது, “பரவாயில்லை தம்பி, இனிமேல் எழுத எனக்கும் ஒன்றும் இல்லை” என்றார். சர்வர் மீதிருந்த தடை நீங்கிவிட்டது. அவர் இன்னும் எழுதவில்லை.

1982-ல் வெளியான இன்னொரு விதியில், அஞ்சல் பெறும் ஒவ்வொரு இடத்திலும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற விலாசம் இருக்க வேண்டும் என்றும், அதற்கு வரும் கடிதம் பொறுப்புள்ள ஒரு மனிதரிடம் போய்ச் சேர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். வாசகர்கள் ‘மனிதர்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். யந்திரங்களுக்குச் சட்டம் எழுத உட்கார்ந்தவர்கள், எல்லாம் எழுதிவிட்டு, ஒரு நாற்காலியை மனிதனுக்கென்று போட்டு வைத்தார்கள். கோடிக்கணக்கான கடிதங்களைக் கையாளும் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் ஆள் வைத்துப் பதில் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெயரும் முத்திரையும் இட்டுப் பகிரங்கமாக வந்து நிற்பவனுக்கு ஒரு காரணம். கடிதத்துக்குக் காத்திருப்பவருக்கு, உமக்கு வந்ததை நிறுத்தியிருக்கிறோம் என்று ஒரு வரி. இரண்டையும் எழுவாயோடு எழுதினால் போதும்.